அண்டாத் தண்ணீர்

அன்று ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். முதலாளி, சோபாவில். அவர் சம்சாரம், அடுக்களை வாசலில் காபி டம்ளரோடு. முதலாளியின் அக்கா, தாணேயிலிருந்து வந்தவர், ஊஞ்சலில். மேல்மாடியில் குடியிருந்த சார், காலேஜில் பிராணி சாஸ்திரம் நடத்துபவர், நாற்காலியில். முதலாளியின் ஒரே மகள், ஜன்னலோரம் தரையில். நான், அந்த வீட்டு டிரைவர், கதவுக்கு உள்ளே நின்றபடி. நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. காலி.

அறுபதுகளில் நடந்தது. வீடு செம்பூரில். முதலாளிக்கு மாட்டுங்காவில் பாத்திரக்கடை. செம்பும் பித்தளையும் விற்று எழுப்பிய வீடு அது. நான் தாராவியில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு சரி. வண்டி ஓட்டுவேன். அவ்வளவுதான்.

தொட்டி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

முதலாளி மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் அவரைச் சின்னம்மா என்றும், முதலாளி சம்சாரத்தை அம்மா என்றும் கூப்பிடுவேன். கல்யாணமான வருஷமே மாப்பிள்ளை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சின்னம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். பின்னாலேயே சீர்ப் பாத்திரங்களும் ரயிலில் வந்தன. தாதரில் நான்தான் இறக்கினேன். குடம், சருவம், குத்துவிளக்கு, இரண்டு பெரிய செப்பு அண்டா. எல்லாவற்றிலும் சின்னம்மா பேர் வெட்டியிருந்தது. எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே அடுக்கி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினோம்.

வந்த பிறகு சின்னம்மா பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். மாதங்கள் அப்படிப் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றாட அழைத்துப் போகச் சொன்னார் முதலாளி. அம்மாவும் சின்னம்மாவும் பின்சீட்டில். கடற்கரை ரோட்டில் இருக்கும் மீன் காட்சிசாலைக்குப் போனோம். ஒரு தொட்டி முன்னால் நின்ற சின்னம்மா அப்புறம் நகரவில்லை. உள்ளே பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி ஒன்று. விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

திரும்பும்போது சயான் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது பூவா, பிராணியா, டிரைவர் அண்ணே?"

"தெரியலையே சின்னம்மா" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மறுநாளே முதலாளி தாராவிப் பட்டறையில் தொட்டிக்குச் சொல்லிவிட்டார். இரும்புச் சட்டம், உள்ளே தார் பூச்சு, தடித்த கண்ணாடி. அது வந்து இறங்கிய அன்றுதான் எல்லோரும் ஹாலில் கூடினோம், எதை விடுவது என்று பேச.

முதலாளி அவசரப்பட்டார். "பெருசா விடுவோம் சார். வாரவன் வாயைப் பொளக்கணும். முள்ளு முள்ளா செட்டையை விரிக்குமே, அது ஒன்னு. ஊதுனா பந்தாவுமே, பேத்தை, அது ரெண்டு."

"விடப்படாது" என்றார் சார். "பேத்தை நண்டையெல்லாம் கடிச்சுத் தின்னுடும். செட்டைக்காரன் இறாலை முழுங்கிடுவான். கடைசில அவா மட்டும்தான் மிஞ்சுவா."

"அப்போ சீலா மீன் ரெண்டு விடுங்க" என்றார் தாணே அம்மா ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே. "பார்வைக்கும் ஆச்சு, குழம்புக்கும் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜன்னலோரத்திலிருந்து சின்னம்மா சொன்னார்.

"யாரு யாரைத் தின்ன மாட்டாங்களோ, அவங்களை மட்டும் விடலாம்."

முதலாளி மகள் பக்கம் திரும்பினார். "அச்சா. உன் இஷ்டம் தாயி."

அதன் பிறகு சார் ஒவ்வொன்றாகப் பேர் சொல்வார். சின்னம்மா ஒரே கேள்வி கேட்பார். "இது யாரைத் தின்னும்?" மஞ்சளில் வட்டமாக ஒரு மீன் உண்டு, பட்டாம்பூச்சி மாதிரி. அம்மாவுக்கு அது வேண்டும். அது கடல்பூவை, காட்சிசாலையில் சின்னம்மா பார்த்த அந்தப் பிராணியை, கொத்தும் என்றார் சார். வேண்டாம் என்றார் சின்னம்மா. நட்சத்திர மீன் சிப்பியைத் தின்னும். அப்படியானால் சிப்பி விட வேண்டாம், நட்சத்திர மீன் இருக்கட்டும். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு கீழே விழுந்த மிச்சத்தைப் பொறுக்கித் தின்னும். "பாவம், அதைக் கட்டாயம் விடணும்" என்றார்.

கடைசியில் முடிவானது இது. பட்டை போட்ட சின்ன மீன் ஐந்து. மணலில் படுத்துக் கிடக்கும் உளுவை இரண்டு. ஆக மீன் ஏழு. பிறகு சங்கு நண்டுகள், இறால், நட்சத்திர மீன் ஒன்று. எல்லாம் பழகி, தண்ணீர் தெளிந்த பிறகு கடல்பூ.

"கடைசியா வாரது மருமவளாக்கும்" என்றார் தாணே அம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஊஞ்சல் சங்கிலி மட்டும் கிரீச்சிட்டது.

தண்ணீர் என் வேலை. மாஹிம் பக்கத்துத் தண்ணீர் சாக்கடை, மார்வே வரை போய் எடு என்றார் சார். இரும்பு வாளி ஆகாது, தகர டின் ஆகாது, கண்ணாடியில்தான் கொண்டுவர வேண்டும். தாராவியில் தோல் ஷாப்புக்கு ஆசிட் வரும் பெரிய கண்ணாடி ஜாடிகள் கிடைத்தன. சோடாப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவினேன். என் சம்சாரம் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"சமுத்திரத்தை மோட்டார்ல ஏத்திட்டு வாரியளாக்கும்."

"ஆமா."

"அலையை என்ன செய்வாவ?"

எனக்கும் சிரிப்பு வந்தது.

தொட்டி நிறைந்தது. பாந்த்ரா பாறைகளில் தண்ணீர் வற்றும் நேரம் ஒரு கோளி மீனவர் பிடித்துக் கொடுத்ததை வரிசைப்படி விட்டோம். சார் சொன்ன நாளுக்கு முன்னால் எதையும் விட சின்னம்மா சம்மதிக்கவில்லை. இரையை அவரே பொடியாக நறுக்கி, விரல் நுனியால் தண்ணீருக்குள் காட்டுவார். பட்டை மீன்கள் விரலைத் தொட்டு வாங்கிக்கொள்ளும். காலையில் நான் சாவி வாங்கப் போனால் சேதி சொல்வார்.

"அண்ணே, அந்தக் குட்டி நண்டு வீடு மாத்திருச்சு. பழைய சங்கு அங்க கிடக்கு பாருங்க."

கடல்பூ இரண்டு வந்தன. முதல் நாள் சுருங்கியே கிடந்தன. மறுநாள் மதியம் விரிந்தபோது சின்னம்மா அடுக்களைக்கு ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வீட்டுக்குள் அவர் ஓடி நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொண்டுவந்த தண்ணீரைச் சில நாள் இருட்டில் வைத்து, தெளிந்த பிறகு ஊற்ற வேண்டும். அவ்வளவையும் வைக்க ஜாடி போதவில்லை. அம்மா மாடிப்படிக்குக் கீழே போய் வேட்டியை விலக்கி, அண்டா இரண்டையும் உருட்டி வந்தார். புளி போட்டுத் தேய்த்தார். சிவக்கச் சிவக்கத் தேய்த்தார்.

"கடல் தண்ணி தீர்த்தம்லா டிரைவர். திருச்செந்தூர்ல முங்குற தண்ணிதானே இதுவும். ஆசிட்டு ஜாடியில கிடக்கலாமா?"

சரிதான் என்று பட்டது. ஊற்றினேன். அப்போது சார் லீவில் பாலக்காடு போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம். அந்த வீட்டில் செம்பு என்றால் சுத்தம். சாமி அறையில் இருப்பதும் செம்புதான்.

வெள்ளிக்கிழமைகளில் சின்னம்மா அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றுவார்.

முதலில் இறால் போனது. ஒன்று போகும், சகஜம் என்றார் முதலாளி. அடுத்த வெள்ளிக்குப் பிறகு மற்ற இறால்கள். பிறகு நண்டுகள். சங்கை விட்டு வெளியே வந்து, வெறும் உடம்போடு மணலில் கிடந்தன. நட்சத்திர மீனின் கைகள் தொய்ந்தன. கடல்பூக்கள் மூடிக்கொண்டன.

"நான் ஊத்துன மறுநாள்தான் அண்ணே" என்றார் சின்னம்மா. "ஒவ்வொரு தடவையும்."

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜாடியை நல்லா கழுவுனியாடே?"

"கழுவினேன் முதலாளி."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் மறுபடியும் கழுவினேன்.

தாணே அம்மா வந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அந்த ஹால் சின்னது.

"அவ கையால ஏன்ட்டி ஊத்த விடுத? கைராசின்னு ஒன்னு இருக்குல்லா."

சின்னம்மா கையில் செம்பு இருந்தது. அதை அண்டா விளிம்பில் வைத்தார். "நீங்க ஊத்துங்க அண்ணே" என்றார். ஊற்றினேன். அதே அண்டா, அதே தண்ணீர். ஒரு கடல்பூ பாறையை விட்டுக் கழன்று மிதந்தது. இரையையும் அன்றிலிருந்து என்னையே போடச் சொன்னார். மீன்கள் ஜன்னல் பக்கமே வந்து நின்றன. அவர் அங்கே உட்கார்ந்திருந்ததால்.

சார் லீவு முடிந்து வந்தபோது தொட்டியில் மீன்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. அன்றும் ஹாலில் அதே ஆட்கள். ஜாடிகளை முகர்ந்தார். நாக்கில் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "ஜாடில தப்பில்லே. தண்ணியை எங்கே வெச்சு தெளிய விடறேள்?" என்றார். காட்டினேன். மாடிப்படிக்குக் கீழே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அண்டாவின் உட்புறம் விரலால் தேய்த்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். விரல் நுனி பச்சையாக இருந்தது.

"செம்பு" என்றார். "உப்புத் தண்ணில கரையும். மீன் தாங்கிக்கும். இறாலும் நண்டும் பூவும் தாங்காது. துளி போறும். நான் இரும்பு, தகரம்னு சொன்னேன். செம்பைச் சொல்லத் தோணலையே."

முதலாளி எழுந்தே விட்டார். "கேட்டியா தாயி? உன் கை இல்ல. செம்பு! நான் விக்குத செம்பு!"

சின்னம்மா நிமிர்ந்தார். பல நாளைக்குப் பிறகு முகத்தை முழுசாகக் காட்டினார்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "புளி போட்டுல்லா தேய்ச்சேன்" என்றார். அதையே மறுபடி சொன்னார். சின்னம்மா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். "உனக்கு என்னம்மா தெரியும். விடு."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஊஞ்சல் நின்றது. தாணே அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார். குத்திப் பேசும் குரல் இல்லை. தெரிந்ததைச் சொல்லும் குரல்.

"அண்டா மட்டும் யாரு அண்டா? அங்கேருந்து திரும்பி வந்த அண்டாதானே."

"மைனி!" என்றார் அம்மா. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

சின்னம்மா அம்மா தோளிலிருந்து கையை எடுத்தார்.

தண்ணீரை முழுக்க மாற்றி முதலிலிருந்து தொடங்கலாம் என்றார் சார். நாளைக்கே மார்வே போகிறேன் என்றேன் நான். முதலாளி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்ப்பா. போதும். மீனையெல்லாம் கடல்லயே விட்டுரலாம்."

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியைப் பட்டறைக்காரர் எடுத்துப் போனார். அண்டா இரண்டும் கடைக்குப் போயின. வெட்டியிருந்த பேரைத் தேய்த்துவிட்டு விற்றார்கள். நான் அந்த வீட்டில் வேலை பார்த்த வரை சின்னம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்வார். வலது, இடது, நிறுத்துங்க.

மீன்களைக் கொண்டுபோன நாள் இப்படி. அம்மாவின் ஊறுகாய் ஜாடி, வாய் அகன்றது, பீங்கான். அதில் மீன்களை விட்டு, துணியால் கட்டி, சின்னம்மா மடியில் வைத்துக்கொண்டார். மார்வே வரை வண்டியைக் குலுங்காமல் ஓட்டினேன். கரையில் படகுகள் கிடந்தன. ஜாடியைத் தண்ணீர் ஓரம் இறக்கித் துணியை அவிழ்த்தேன். பட்டை மீன்கள் மேலே வந்தன. விரலைத் தேடின.

சின்னம்மா பின்னால் நகர்ந்துகொண்டார். "நீங்களே விடுங்க அண்ணே."

"செம்புதான் சின்னம்மா. சார் சொன்னாரே."

"தெரியும் அண்ணே. இருந்தாலும் நீங்களே விடுங்க."

கால்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் அளவு தண்ணீருக்குள் போனேன். ஜாடியைச் சாய்த்தேன். ஒவ்வொன்றாக வெளியே போயின. உளுவைகள் கடைசியில் போயின. காலி ஜாடியோடு திரும்பினேன்.

சின்னம்மா மணலைப் பார்த்தபடி கேட்டார். "உசிரோட எத்தனை போச்சு?"

"ஏழு."