அட்டை நல்லாயிருக்கு

தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, கேசட் அட்டையையும் தானே வரைகிறவனிடம் ஒரு வசதி உண்டு. எதைக் குறை சொல்வதானாலும் வேறு ஆளைத் தேட வேண்டாம். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டே நான் செய்தது இதைத்தான். என் பாட்டை ஒருத்தராவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆசை. இதே ஆசையில் அல்லாடியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

கண்ணாடிக்குள்

முதல் கேசட்டுக்கு ஒவ்வொரு அட்டையையும் கையாலேயே வரைந்தேன். மலை, தென்னை, மழை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் கடை வைத்திருந்த பாய் நல்ல மனுஷர், முன்வரிசையிலேயே அடுக்கினார். பத்து நாள் கழித்துப் போனால் அத்தனையும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். உள்ளே என் கேசட்டுகள்.

"அட்டைய மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போறாக தம்பி. பாட்ட நீங்களே வச்சுக்கிருங்க."

பந்தலில்

மகாராஜபுரத்தில் ஒரு கல்யாணம். வாசல் போர்டு எழுதியதும் நான், கச்சேரியும் நான். சொந்தப் பாட்டை எடுத்து, பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும்போது பெண்ணின் அப்பா மேடையேறி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காதருகே குனிந்தார்.

"மாப்பிள்ளையோட சித்தப்பா பேரு போர்டுல விட்டுப்போச்சாம், பந்திக்கு வர மாட்டேங்காக. பாட்டு கெடக்கட்டும், செத்த பிரஷ்ஷோட எறங்கி வாங்க."

ஏணியில்

அன்று மணமக்களுக்கு ஒரு கேசட் பரிசாகக் கொடுத்திருந்தேன். யாரும் அழித்துப் பதியக் கூடாதென்று, அதன் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். இரண்டு வருஷம் கழித்து, வத்திராயிருப்பில் ஏணி மேல் நின்று அரிசிக்கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தபோது அதே அப்பா கீழே வந்து நின்றார். உடைத்த பள்ளத்தில் காகிதத்தை அடைத்து, கல்யாண மேளத்தை அதிலேயே பதிந்துவிட்டாராம். மேளம் முடிந்த இடத்தில் என் பாட்டு ஒன்று பாதியாகத் தப்பியிருக்கிறது. மகள் அதைப் போட்டுத்தான் குழந்தையைத் தூங்கவைக்கிறாளாம். முன்பாதியைக் கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, ஏணியில் நின்றபடியே முதலிலிருந்து பாடினேன். இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் அசையாமல் கடைசி வரி வரை நின்றார்.

"தெரியாமப் போச்சு தம்பி. தெரிஞ்சிருந்தா மேளத்தச் செத்த முன்னாடியே நிப்பாட்டியிருப்பேன்."

என் பாட்டை முதன்முதலாக முழுசாகக் கேட்ட மனிதர், அதை அழித்தவர்தான்.