நாற்பது செக்கன் என்று எழுதிய தாள்

திங்கள் பின்னேரம் முந்தல் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அஸ்லமோடு கூடப்பிறந்த நானா போன் எடுத்தார். "தம்பி, அஸ்லம் மௌத்தாகிட்டான். இறால் குளத்துல. சக்கரம் அடிச்சிட்டு."

கூட்டாளி இறந்த சேதிக்கு, "எந்தப் பண்ணை?" என்றுதான் முதலில் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இறால் பண்ணைகளில் வேலை செய்யும் உங்களுக்குத் தில்லையடி அஸ்லமைத் தெரியும். கரண்ட் போனால் குளத்தில் தண்ணீரைக் கிளறும் சக்கரங்கள் நின்றுவிடும். இறால் மூச்சுத் திணறும். ஜெனரேட்டரைத் தானாகவே கிளப்பும் பெட்டியை நாங்கள் இருவரும் செய்தோம். வயரிங் அவன். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்ட நான் வரைபடமும் புரோகிராமும்.

ஒருநாள் போனில், "இந்தா வாறன் மச்சான்" என்றேன்.

"உண்ட 'இந்தா' எவ்வளவுடா? பத்து நிமிசமா, அஸர் தொழுகைக்குப் பிறகா?" வந்து சேர்ந்ததும் சொன்னான்: "மெஷினுக்கு 'இந்தா' விளங்காது. கூடினா எவ்வளவு, குறைஞ்சா எவ்வளவு, ரெண்டையும் எழுது."

என் வரைபடத்தில் அம்புகளுக்கு நேரமே செல்லாது. கரண்ட் போகும், அதே கணம் ஜெனரேட்டர் ஓடும். வகுப்பில் அப்படித்தான் வரைந்தோம். ஒவ்வோர் அம்பின் மேலும் அவன் பென்சிலால் இரண்டு கட்டம் போட்டான். எனக்கு எரிச்சல் வந்தது.

"கூடினது தெரிஞ்சாப் போதும் மச்சான். அதுக்குள்ள இறால் சாகாது."

"இறாலுக்குச் சரி. மனிசனுக்கு?"

ஜெனரேட்டரைக் கிளப்பும் பழைய பேட்டரியில் ஒரேயொரு தடவை அளந்தேன். 'ஜெனரேட்டர் கிளம்ப 40 செக்கன்' என்று எழுதி ஒவ்வொரு பெட்டிக் கதவிலும் ஒட்டினேன். குறைந்த நேரத்துக்கான மற்றக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

போன கிழமை அவன் மௌத்தான பண்ணை முதலாளி புதுப் பேட்டரி போட்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை. திங்கள் பகல் கரண்ட் போனது. நின்ற சக்கரத்தில் வலைத்துண்டு சிக்கியிருந்தது. அதை எடுக்க அஸ்லம் குளத்தில் இறங்கப் போனான்.

"நானா, மெயின ஓஃப் பண்ணட்டா?" என்று வேலையாள் அஸ்லமிடம் கேட்டிருக்கிறார்.

"தேவல்ல, நாப்பது செக்கன் இரிக்கி," என்றானாம்.

புதுப் பேட்டரியில் ஜெனரேட்டர் பத்து செக்கனில் கிளம்பி, சக்கரம் சுற்றியது. யாருடைய கணக்கையும் லேசில் நம்பாதவன், என் கையெழுத்தை நம்பினான்.

அடக்கம் முடிந்த கையோடு, எங்கள் பெட்டி இருக்கும் மற்ற நான்கு பண்ணைகளுக்கும் போனேன். ஒன்றில் தாளைக் கிழிக்க விட்டார்கள். மற்ற மூன்றிலும் கேட்டைத் திறக்கவில்லை. "இவ்வளவு நாளும் ஒழுங்காத்தானே ஓடுது தம்பி," என்றார் ஒரு முதலாளி.

அஸ்லமிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவனுடைய சந்தேகத்தை மட்டும்தான். நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மெயினை ஓஃப் பண்ணாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். இந்தக் கிழமையும் கரண்ட் வெட்டு இருக்கிறதாம்.