டைனமோக்காரரின் கைக்கடிகாரம்

1965 ஜூன், ஒரு சனிக்கிழமை. கொழும்புக் கோட்டையில் காலை ரயிலில் ஏறும்போது என்னோடு ஒரு கைத்தையல் மிசினும் ஏறியது. பழைய கைக்கடிகாரங்கள் மேல் எனக்கிருக்கும் பைத்தியம் ஊரறிந்தது. மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் மின்சார டைனமோ ஓட்டும் தங்கவேலுவின் கையில், காந்தம் தீண்டாத உருக்குக் கடிகாரம் ஒன்றைப் போன வருடம் பார்த்திருந்தேன். ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போனதாம். டைனமோ பக்கம் போனால் சாதாரணக் கடிகாரம் நேரம் தவறும். இது தவறாது, உள்ளே எந்திரத்தைச் சுற்றி இரும்புக் கவசம் உண்டு. அதைவிட என்னைக் கிறங்கடித்தது, வயதேறிப் பால் கலக்காத தேநீர் நிறமாகிவிட்ட அதன் முகப்பு. எங்களைப் போன்ற சேகரிப்புக்காரர்கள் உயிரை விடுவதே அந்தக் கைபடாத பழமைக்குத்தான்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்திருந்த நேரம்; தங்கவேலு குடும்பத்துக்கும் இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அங்கே என்ன வேலை, எங்கே வீடு, ஒன்றும் தெரியாது. மனைவி முத்தம்மாவுக்குத் தையல் தெரியும். மிசின் ஒன்று இருந்தால் போய் இறங்கியதும் அடுப்பெரியும். கடிகாரத்துக்கு மிசின் என்று பேசி முடித்திருந்தோம்.

வட்டவளை தாண்டியதும் மழை. றொசல்லயில் ஏறிய ஒருவர் மிசினைப் பார்த்து, "யாருக்குங்க சீர்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கொட்டகலையில் இறங்கினேன்.

தோட்டம் மூன்று மைல்; வாடகைக் காருக்கு நான்கு ரூபாய். பனிமூட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரியவில்லை, பிள்ளைகள் இருமும் சத்தம்தான் முதலில் கேட்டது. வீட்டுக்குள் பாதிச் சாமான் மூட்டை கட்டிக் கிடந்தது. முத்தம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மிசின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

தங்கவேலு மஞ்சள் துணியில் பொதிந்த கடிகாரத்தை நீட்டினார். பிரித்தேன். உடம்பெல்லாம் மெருகேற்றி, முகப்பில் பளீரென்று புது வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. பின்மூடியைத் திறந்தால் கவசத்தையும் காணோம்.

"ஹட்டன் டவுன்ல கடிகாரக் கடையில குடுத்து எல்லாம் புதுசாக்கியாச்சுங்க," என்றார் பெருமையாக. "உள்ள ஏதோ துருப்புடிச்ச தகடு கெடந்துச்சாம். எடுத்து வீசிட்டாங்க."

"பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி அழுக்குச் சேலையோடயா நிறுத்துவாங்க?" என்றார் முத்தம்மா.

என் நாக்கில் சனி. "அட கடவுளே, கெடுத்துட்டீங்களே! இனி இது ஒண்ணுக்கும் ஆகாதே!" என்று கத்திவிட்டேன். முத்தம்மா மிசினிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு எவ்வளவோ கெஞ்சினேன். பேசினபடியே மாற்றிக்கொள்வோம் என்றேன். "ஒண்ணுக்கும் ஆகாத சாமானக் குடுத்து மிசின வாங்குறதா? நாங்க பிச்சை எடுக்கலீங்க," என்றார் தங்கவேலு. மிசினைச் சாக்கில் சுற்றி, கொட்டுகிற மழையில் ஸ்டேஷன் வரைக்கும் தன் தோளிலேயே சுமந்து வந்தார். தொடக்கூட விடவில்லை. நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். அவ்வளவு கேவலமாக என்றைக்கும் நடந்ததில்லை.

கொழும்பு ரயிலில் மிசினை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, "கவசம் இல்லாம டைனமோ பக்கம் கட்டிட்டுப் போகாதீங்க. நேரம் தப்பிரும்," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க," என்றார். "அங்க எனக்கு யாரு டைனமோ வச்சுக்கிட்டு காத்திருக்கா?"