கத்திக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் முப்பதுக்கு மேல் கத்திகள் இருக்கின்றன. காய் நறுக்க ஒன்று கிடையாது.

நான் காய் நறுக்குவது நீலப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்றில். ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் பெட்டியில் கிளிப்பும் ஊக்கும் விற்றுக்கொண்டு வருவாளே, அவளிடம் வாங்கியது. அதைக் கத்தி என்று யாராவது சொன்னால் என் கணவருக்கு முகம் சுருங்கும். "அது கத்தி இல்லே, தகரம்" என்பார். அந்தத் தகரம்தான் இத்தனை வருஷமாக அவருக்கு அவியலும் மோர்க்கூட்டும் போட்டு வளர்த்தது. அவருடைய கத்திகள் ஹாலில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், வெல்வெட் துணியின் மேல் படுத்துக்கொண்டிருக்கின்றன. காலையில் எழுந்ததும் அவர் சுவாமி அறைக்குப் போகுமுன் அங்கே ஒரு நடை போய்விட்டுத்தான் வருவார்.

பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் ஃபைலோடு ஃபைலாக இருந்தவர் அவர். ரிட்டயரான நாளில் கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த மடக்குக் கத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தாரோ, வினை என் தலையில் விடிந்தது. அதைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு வாரம் முழுக்க டிவி பார்க்கும்போது திறந்தால் டக், மூடினால் டக். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வாக்கப்பட்டவள் நான். ரயில் சத்தத்தில் தூங்கி எழுந்த எனக்கு அந்த டக் மட்டும் தாங்கவில்லை. "சத்தம் நன்னா இருக்கோல்லியோ? சாதாரணக் கத்தியில இது வராது" என்றார். அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இது பகவத் கீதை கிளாஸோடு போகிற ரிட்டயர்மென்ட் இல்லை என்று.

எங்கள் குலத்தில் கத்திக்கு இரையானது அதிகபட்சம் பூசணிக்காய். அலமாரியில் மான் தோலை உரிக்கவென்றே செய்த கத்தி ஒன்று இருக்கிறது. செம்பூரில் மானுக்கு எங்கே போவது என்று அதை வாங்கியவர் யோசிக்கவில்லை. மீனை முள் நீக்கித் துண்டம் போடுவதற்கு என்று நீளமாக, ஒடிசலாக இன்னொன்று. எதிர் ஃப்ளாட்டில் போம்பில் மீன் வறுத்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறவர் அதை வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் தடவி, ஒரு மஞ்சள் ஃபிளானல் துணியால் துடைக்கிறார். அந்தத் துணியை நான் தொடக்கூடாது. அலமாரிச் சாவியும் அவருடைய பனியன் பையில்தான்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். கேட்டது என் தப்பு. ஒரு கத்தியை எடுத்து ஆள்காட்டி விரலின் மேல் குறுக்கே வைத்தார். ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. "பாத்தியா, பிடியும் அலகும் சமம்" என்றார். பிடியின் மரம் இரும்போடு சேருமிடத்தில் என் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் எங்கும் தட்டவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். முதுகிலிருந்து கூர் வரைக்கும் இரும்பு எப்படி மெலிந்துகொண்டே போகிறது, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் எப்படி முடிகிறது என்று விளக்கினார். பிறகு அன்றைய பேப்பரைப் பிடித்து அலகை மேலே வைத்தார். பேப்பர் இரண்டாயிற்று. நான் இன்னும் படிக்காத பேப்பர்.

கூர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கத்தி சேர்க்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, கை முடியை மழிப்பது. என் கணவரின் இடது முன்கையில் முடியே கிடையாது, குழந்தைக் கை மாதிரி இருக்கும். கல்யாண வீடுகளில் "கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் "அலர்ஜி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தக் கத்தியை என் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். நல்ல கத்தியை எடுத்தால் எதையாவது நறுக்க வேண்டும் என்று கை கேட்கிறது. "ஒரு வாழைக்காயாவது சீவிப் பாக்கறேனே" என்றேன். பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அவரைப் போன்றவர்கள் இந்த ஊரில் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு வாஷியில் கூடுவார்கள். இவர் கத்தியைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் தயிர்சாதத்துக்கு அடியில் வைத்து ரயிலில் எடுத்துப் போவார். போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குக் கவலை. அவருக்கோ தயிர் கசிந்து கத்தியில் படுமோ என்று கவலை. அந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு ஹாலில் மேஜை போட்டு, தங்களிடம் உள்ளதில் சிறந்த கத்திகளைப் பார்வைக்கு வைக்கும். சேர்ந்ததிலிருந்து இவர் கத்திக்கு அந்த மேஜையில் இடம் கிடைத்ததில்லை. இந்தத் தடவை மூன்று பேர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இவர் நம்பியிருந்தது ஒரே ஒரு கத்தியை. கையால் அடித்துச் செய்தது. துருப்பிடிக்கிற இரும்பு, துருப்பிடிக்கிறதுதான் உசத்தி என்பது இவர்கள் சித்தாந்தம். ஆபீசிலும் சரி, சொந்தக்காரர்கள் நடுவிலும் சரி, "இது உங்களுடையதா?" என்று யாரும் வியந்து கேட்டறியாத மனிதர். இந்த வயதில் அது ஒன்றுக்கு ஏங்கினார். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின வாரம் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம், மிக்ஸி, தையல் மெஷின், கத்தரிக்கோல் எல்லாம் வைத்தாயிற்று. கத்திகளையும் பூஜையில் வைக்க வேண்டும் என்றார். ஆயுத பூஜை என்பது உழைத்த ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது. வருஷம் முழுக்க ஓய்வில் இருப்பவற்றுக்கு எதற்கு என்று கேட்டேன். வெல்வெட்டோடு கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். நான் சந்தனத்தைக் குழைத்து, எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்து, அந்த உசத்திக் கத்திக்கும் அலகின் நடுவில் இரண்டு பொட்டு வைத்து மேலே குங்குமம் இட்டேன். நைவேத்தியம் ஆகி, கற்பூரம் காட்டி, நமஸ்காரம் பண்ணி எழுந்தபோதுதான் அவர் பார்த்தார்.

"அலகுலயா வச்சே?"

"வேறெங்க வைப்பா? அரிவாள்மணைக்குக் கட்டையிலயா வைக்கறோம்?"

"ஈரம்டீ அது! அப்படியே இருந்தா கறை ஏறிடும். திரும்பப் போகாது."

"அப்போ தொடச்சுடுங்கோ."

அவர் கை நீண்டது, பாதியில் நின்றது. "பூஜையில வச்சதைத் தொடப்படாதே" என்றார்.

எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடிந்துதான் எடுக்கலாம். பரீட்சை இருந்தால்கூடப் புத்தகத்தை எடுக்க விடமாட்டார்கள். நான் "பரவாயில்லே, சுவாமி ஒண்ணும் நெனச்சுக்கமாட்டார்" என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் இரும்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். தொட்டால் தெய்வக் குற்றம், தொடாவிட்டால் கத்தி போச்சு. சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்தேன், கிண்ணத்தை மடியிலேயே வைத்திருந்தார். சாயங்காலம் பொட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரிய ஆரம்பித்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் துடைத்தபோது குங்குமம் போயிற்று, பொட்டு போகவில்லை. இரண்டு வட்டங்கள் இரும்பிலேயே பதிந்து நின்றன. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிறன்று மூவரும் வந்தார்கள். நேருளில் இருக்கும் மராட்டிக்காரப் பல் டாக்டர் ஒருவர், உல்லாஸ்நகரில் துணி வியாபாரம் செய்கிற சிந்தி ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ஒருவர். மூவரும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தபோது பார்த்தேன், மூன்று இடது கைகளும் வழுவழு. அலர்ஜி இவ்வளவு பேருக்கா என்று நினைத்துக்கொண்டு கேசரியைக் கொடுத்துவிட்டு, பஜ்ஜி போடப் போனேன். திரும்பி வந்தால் எங்கள் பேப்பர் முழுக்க ரிப்பன் ரிப்பனாகத் தரையில் கிடந்தது. அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலையாட்டி, கீழே வைத்துக்கொண்டே வந்தார்கள். அந்தத் தலையாட்டலை நான் பெண் பார்க்க வந்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் அந்தக் கத்தியை எடுத்து வைத்தார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர்தான் அவர்களில் பெரியவர். விரலில் நிறுத்திப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்தார், "வாஹ்" என்றார். என் கணவரின் காது மடல் சிவந்தது. பிறகு அலகைத் திருப்பினார், பொட்டைப் பார்த்தார்.

"யே க்யா ஹுவா?"

இது என்ன ஆயிற்று என்று கேட்டார். நான்தான், பூஜையில் குங்குமம் வைத்தது நான் என்று சொன்னேன். டாக்டர் சிரித்தார். "ஃபிகர் மத் கரோ, பாஞ்ச் மினிட்" என்று தேற்றி, தன் பையிலிருந்து ஒரு சின்ன டியூப்பையும் துணியையும் எடுத்தார். வாழ்நாளெல்லாம் பல்லில் கறை எடுத்தவர்; கறையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஐந்து நிமிஷத்தில் போகிற கறைக்காக இந்த மனுஷர் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், கூடவே பெரிய நிம்மதியும் இருந்தது. டாக்டர் பசையைத் துணியில் தடவி, பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"நஹீ சாப்" என்று தடுத்தார் என் கணவர். "ரெஹனே தோ. வோ... பொட்டு ஹை."

நாற்பது வருஷம் பம்பாயில் இருந்தவருக்குப் பொட்டுக்கு ஹிந்தி அந்த நேரத்தில் வரவில்லை. டாக்டர் புரியாமல் பார்த்தார். இவர் என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பொட்டை அழிக்கப்படாது."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் நெற்றியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "குங்கூ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துணியை மடித்துப் பையில் வைத்தார். அவர்கள் வீட்டிலும் குங்குமத்தை அழிக்க மாட்டார்கள். ஆனால் இப்படிக் கறையோடு மேஜையில் வைக்க முடியாது என்பதையும் தன்மையாகச் சொன்னார். "மாலூம் ஹை" என்றார் இவர், தெரியும் என்று. அழிக்கப்படாது என்று கத்தியின் பொட்டைத்தான் சொன்னார், என்னுடையதை இல்லை. இருந்தாலும் என் விரல் நெற்றிக்குப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மூவரும் கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அடுப்பு மேடையில் அந்தக் கத்தி கிடந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துக்கோ. இனிமே இது உன்னோடது."

"கையில குடுங்கோளேன்."

"கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும்."

"குடுக்காத போது மட்டும் வரலியாக்கும்!" என்று எடுத்துக்கொண்டேன்.

பீன்ஸை நறுக்கினேன். நறுக்கினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அலகைக் காட்டினேன், அது விழுந்தது. நீலப் பிடியை அழுத்தி அழுத்திப் பழகிய கை அடுத்த காயையும் அழுத்தியது. விரல் வெட்டுப்பட்டது. நான் போட்ட சத்தத்தில் அவர் ஹாலிலிருந்து ஓடி வந்தார். விரலைக் குழாயடியில் பிடித்தார். துணி தேடினார், கிடைக்கவில்லை. கையில் இருந்த மஞ்சள் ஃபிளானலையே கிழித்துச் சுற்றிக் கட்டினார். பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு மத்தியானம் திரும்பினோம். கத்தி போட்டது போட்டபடி, பீன்ஸ் சாறும் ரத்தமுமாக மேடையிலேயே கிடந்தது. சொட்டுத் தண்ணீர் பட்டால் பதறுகிறவர் அதைக் கடந்துபோய் எனக்குக் காபி கலந்தார். அவர் கலந்த காபி எப்போதும் போல வாயில் வைக்க வழியில்லை. முழுதும் குடித்தேன்.

இப்போது அந்தக் கத்தியில் மாங்காய், எலுமிச்சை, வாழைப்பூ என்று எத்தனையோ கறை ஏறிவிட்டது. பொட்டு மட்டும் தனியாகத் தெரிகிறது. யாராவது வந்தால், அலமாரியைக் காட்டி முடித்ததும் அவர்களைச் சமையலறைக்கும் அழைத்து வருகிறார். கறை ஏறாத கத்தி கத்தியே இல்லை என்று, ஏதோ தானே கண்டுபிடித்தது போலச் சொல்கிறார். நான் நறுக்கிக்கொண்டிருந்தால் முடிக்கும் வரை நிற்கிறார்கள். போன வாரம் வந்த ஒருவர் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, இது உங்களுடையதா?" என்று வியந்து கேட்டார்.

"இல்லே, அவளோடது" என்றார் என் கணவர்.