சந்தியில் எனக்கு அடித்த லைட்

முதல் நாள் நான் கையைத் தூக்கியபோது ஒரு வேன்காரர் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். நிறுத்தச் சொல்கிறேன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தெரிந்தவள் யாரோ குசலம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருப்பார். பின்னால் வந்த த்ரீவீல்களும் அவரைத் தொடர்ந்து போயின. உக்குவளைச் சந்தியின் நடுவில், புது மஞ்சள் ஜாக்கெட்டோடு, தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பொலிஸ்காரர்களுக்கு வேறு வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். சந்தியில் நின்று வாகனங்களை நிறுத்தி அனுப்பச் சாதாரண ஆட்கள் போதும் என்று மேலிடத்தில் முடிவெடுத்து, எங்கள் பக்கத்துச் சந்திகளுக்கு எங்களைப் போல சிலரை எடுத்தார்கள். நீலச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, ஜாக்கெட், ஒரு விசில். தண்டச் சீட்டு எழுதும் அதிகாரம் மட்டும் கிடையாது. எங்களுக்குப் பொறுப்பான சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: மூன்று மாதம் பார்ப்போம், பொலிஸ் இல்லாமல் சந்தி ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீட்டுக்கு.

நிரந்தரம் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் மாத்தளையில் மிளகும் கராம்பும் புடைத்துக்கொண்டிருந்த ஸ்டோர் வேலையை விட்டேன். போகிறவள் திரும்பி வரக்கூடாது என்று அந்த முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். சரிதான் போய்யா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தோட்டத்து லயத்தில் யூனிஃபார்ம் போட்ட முதல் பொம்பளை நான். ஜாக்கெட்டைத் துவைத்துக் கொடியில் போட்டால் பக்கத்துக் காம்பராக்காரிகள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

லைட் அடிக்கும் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ரோட்டில் எங்காவது பொலிஸ் நின்றால், அதைக் கடந்து வந்த ட்ரைவர் எதிரே வருகிறவனுக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவான். கவனம், முன்னால் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். எதிரே வருகிறவன் சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா, நேற்றுச் சண்டை போட்டவனா, எதையும் பார்க்கமாட்டான். இந்த நாட்டில் இவ்வளவு ஒற்றுமையை நான் வேறு எதிலும் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஓட்டுகிறவர், அவருக்கு அது மூச்சு விடுவது போலப் பழக்கம். வேலை கிடைத்த அன்று அவரிடம் பெருமையடித்தேன்.

"இனிமே எனக்கும் லைட் அடிப்பானுங்க, பாருங்க."

"ஒனக்கா? ஒனக்கு எவன் புள்ள அடிக்கப் போறான்?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. கண்டி ஓடுகிற ஒரு தனியார் பஸ், அதன் கண்டக்டர் ஃபுட்போர்ட்டில் தொங்கிக்கொண்டு வருகிற தடியன். நான் கையைக் காட்டினால், "அக்கா, கைய கீழ போடுங்க, வலிக்கப் போகுது!" என்று கத்துவான். பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்தப் பஸ்ஸில்தான் என் லயத்துப் பெண்களும் போவார்கள், அவர்களும் சிரிப்பார்கள். ஒருவன் போகிற போக்கில் துப்பிய வெற்றிலை எச்சில் என் சப்பாத்தில் விழுந்தது. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, உன்னை யார் இங்கே நிற்கச் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு லொறிக்காரர், "பொலிஸ் வந்தா சொல்லுங்க தங்கச்சி, கட்டாயம் நிக்கிறோம்," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதையில்தான் எனக்கு அதிகம் வயிறு எரிந்தது. எனக்கு வாய் நீளம். நாசமாப் போறவனுங்களே என்று எல்லாரையும் திட்டினேன். விசில் வாயில் இருந்தால் திட்டுவது வெளியே கேட்காது, அந்த ஒரு வசதி அந்த வேலையில் இருந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, லைட் அடித்தார்கள்.

மாத்தளைப் பக்கமிருந்து வந்த ஒரு கார், சந்திக்குச் சற்று முன்னால் பஸ் நிற்கிற ஹோல்ட்டைத் தாண்டியதும் இரண்டு தரம் அடித்தது. அதன் பின்னால் வந்த லொறியும் அடித்தது. கண்டிப் பக்கமிருந்து வந்த வாகனங்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, நான் காட்டிய கைக்கு முன்னால் பாடசாலைப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. தடியனின் பஸ்ஸும் நின்றது. அவன் ஃபுட்போர்ட்டிலிருந்து உள்ளே ஏறி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். நடு ரோட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று கோழி வாங்கிப் போய் ஆக்கினேன். "அடிச்சானுங்க! எனக்கு லைட் அடிச்சானுங்க! என்னமோ சொன்னீங்களே!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். கோழி ருசியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை, பாடசாலை விடும் நேரத்தில், முடிவு சொல்வதற்காக சார் மாத்தளைப் பக்கமிருந்து வந்து இறங்கினார். வாகனங்கள் லைட் அடித்தன, எதிர்ப்பக்கம் எல்லாம் நின்றது. பிள்ளைகளைக் கடக்கவிட்டு அவரிடம் ஓடினேன்.

"பாத்தீங்களா சார்? பொலிஸுக்கு அடிக்கிற மாதிரி எனக்கு லைட் அடிக்கிறாங்க!"

சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ் ஹோல்ட்டைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு இல்லம்மா," என்றார். "அவருக்கு."

பஸ் ஹோல்ட் சுவருக்கு அந்தப் பக்கம், வேகம் அளக்கும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொலிஸ் சார்ஜன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் நிற்கும் இடத்திலிருந்து அந்த மறைவு தெரியாது. நான் வருவதும் போவதும் கண்டிப் பக்கம். மாத்தளையிலிருந்து வருகிறவர்கள் அவரைக் கண்டு லைட் அடித்திருக்கிறார்கள். அதைக் கண்டவர்கள் பொலிஸைத் தேடி மெதுவாகியிருக்கிறார்கள், குறுக்கே என் கை இருந்திருக்கிறது. பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் பாமசி நானா வாசலில் வந்து நின்று, "ஒங்களுக்குத் தெரியும்ண்டு நெனச்சேன் தங்கச்சி. திங்கக்கெழமயே கதிர கேட்டாரு, நான்தான் குடுத்தேன்," என்றார். அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சார் சிரிக்கவில்லை. சார்ஜனைத் தேத்தண்ணிக் கடைக்குள் அனுப்பிவிட்டு, "இப்ப நிறுத்துங்க, பாப்போம்," என்றார்.

லைட் அடிப்பது நின்றுபோனது. அடுத்த பிள்ளைகள் பாதி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள், தடியனின் பஸ் இறக்கத்தில் வந்தது. விசிலை ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். பஸ் ஹோனை அமுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் புத்தகப் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், மற்றக் கையை மட்டும் இறக்கவில்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அந்தக் கையில் அடித்துவிட்டுப் போனது.

"அப்பவே சொன்னேனே அக்கா, வலிக்கும்னு!"

மணிக்கட்டு என் கண் முன்னாலேயே வீங்கியது. சார் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், அதை மறுக்கமாட்டேன்.

"நீங்க நல்லாத்தான் செய்றீங்க," என்றார். "ஆனா பொலிஸ் இல்லாம ஓடுதுன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

"தண்டச் சீட்டு எழுதுற அதிகாரத்த ஒரு மாசம் எனக்குக் குடுங்க சார். அப்புறம் பாருங்க எவன் ஓடுறான்னு!"

"அது சட்டத்துல இல்லம்மா."

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் கையைப் பார்த்துப் பதறினார். நான் ஒன்றுதான் கேட்டேன், சார்ஜன் அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று.

"திங்கக்கெழமயே பாத்தேன்," என்றார். "நீ சிரிச்சுக்கிட்டே கோழி ஆக்குன. எப்பிடி புள்ள சொல்றது?"

பெயர் தெரியாத எவனெவனுக்கோ லைட் அடித்து எச்சரிக்கிற மனுஷன், சொந்தப் பொண்டாட்டிக்கு அடிக்கவில்லை. அன்று வீட்டில் நான் உலை வைக்கவில்லை.

மாதம் முடிந்ததும் ஜாக்கெட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாங்கிய கிளார்க் விசிலை மட்டும் இரண்டு விரலால் தூக்கி ஒரு கடதாசியில் போட்டுச் சுருட்டினாள். லயத்துக்காரி வாயில் வைத்தது அல்லவா. ஸ்டோர் முதலாளி, சொன்ன சொல் தவறாதவர், கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. இப்போது மாத்தளையில் ஒரு வீட்டில் சமைக்கிறேன். காலையில் என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விடுகிறார். உக்குவளைச் சந்தியைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே மறுபடியும் காக்கிதான் நிற்கிறது.

போன வாரம் சந்தியைத் தாண்டியதும் எதிரே அந்தப் பஸ் பறந்து வந்தது, ஃபுட்போர்ட்டில் தடியன். என் வீட்டுக்காரரின் விரல் லைட் சுவிட்சுக்குப் போனது. பின்சீட்டிலிருந்து எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்."

"பாவம் புள்ள, கேஸ் போட்டுருவான்."

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

பஸ் அதே வேகத்தில் எங்களைக் கடந்து போனது. பின்னால் விசில் கேட்டது, உடனே டயர் தேய்கிற சத்தமும். திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்றிருந்தது. தடியன் குதித்து இறங்கி, "சார், சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு ஓடினான். எனக்குப் பாவமாக இல்லை. ஆனால் பொலிஸ்காரர் ஒரே ஒரு தரம்தான் ஊதியிருந்தார். நான் ஊதியதைவிட அது சத்தமாகக்கூட இல்லை.