எல்லாத் துணிக்கும் நாலு

வலன்ரைன் மாஸ்டர் போன மாதம் செத்துப்போனார். கொட்டாஞ்சேனை வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் நல்ல மனுசன், நேர்மையான மனுசன் என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். செத்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அவரோடு ஒரே கட்டடத்தில் பதினைந்து வருசம் குப்பை கொட்டியவள் நான்.

வத்தளையில் ஒரு துணி ஆலை. நான் ஒபிஸில் டைப்பிஸ்ட், அவர் சாயம் சோதிக்கிறவர். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. சாயம் போட்ட துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கழுவ வேண்டும், காய்ந்ததாகவும் ஈரமாகவும் தேய்க்க வேண்டும், வெள்ளையில் எவ்வளவு நிறம் ஒட்டுகிறது என்று ஒரு சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். ஐந்து என்றால் துளியும் ஒட்டவில்லை. ஒன்று என்றால் துணி குப்பைக்கு. நாலு இருந்தால் கப்பலேறும்.

மாஸ்டர் எல்லாத் துணிக்கும் நாலு போட்டார். ஐந்து போட்டால் யாராவது சந்தேகப்படுவார்கள். மூன்று போட்டால் மனேஜர் கூப்பிட்டு ஏன் என்பார். நாலுக்கு ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. காய்ந்த துணியை இரண்டு தரம் தேய்த்துவிட்டு, யன்னலடியில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பெரிய டொக்டர் மாதிரிப் பார்ப்பார். "இதுக்குக் கண் வேணும், மாக்ரெட் மிஸ்" என்பார். ஈரத் தேய்ப்பு என்ற ஒன்றை அவர் செய்து நான் கண்டதேயில்லை.

அவர் உண்மையாகக் கவனித்தது தன்னுடைய உடுப்பை மட்டும்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை. சாய ஆலையில் ஒரு பொட்டுப் படாமல் வீட்டுக்குப் போகிற ஒரே ஆள் தான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். வேலை செய்கிறவன் உடுப்பில் சாயம் படும். இதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சண்டைக் காலம். நகரத்துக்குள் குண்டு வெடித்த ஒரு கிழமை. எங்கள் பக்கிங் பகுதியில் ஜெகதீஸ்வரி என்று ஒரு பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணத்தாள், மட்டக்குளியில் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். அந்தக் கிழமையில் ஒரு நாள் சிவப்புத் துணியின் வெட்டுத் துண்டுகளை, மனேஜரிடம் கேட்டுத்தான், ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் நல்ல மழை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பாலத்தடிச் சோதனைச் சாவடிக்கு வரும்போது சட்டை, கை, கழுத்து எல்லாம் இரத்தம் மாதிரிச் சிவப்பு. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். துணிச் சாயம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? பொலிஸில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பொலிஸிலிருந்து போன் வந்தது. உங்கள் துணியில் சாயம் போகுமா? அதைத் தெரிந்த ஆளை அனுப்புங்கள். பெண்பிள்ளை விசயம் என்பதால் மனேஜர் மாஸ்டரோடு என்னையும் அனுப்பினார். அந்தத் துணியில் ஒரு துண்டும் கொண்டுபோகச் சொன்னார். மாஸ்டர் அதை மடித்துச் சேட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

ஜெகதீஸ்வரி அதே சட்டையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானம் அவளை மேலிடத்துக்கு அனுப்புவதாக இருந்தது. அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சார்ஜன்ட் மாஸ்டரைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இந்தத் துணியில சாயம் போகுமா?"

"போகாது, சேர். நானே சோதிச்சது. நாலு."

"போகும் சேர், மழையில நனைஞ்சிருக்கு" என்றேன். சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டைப் அடிக்கிறவங்க. தெரிஞ்சவர் சொல்லட்டும்" என்று திரும்பவும் மாஸ்டரைக் கேட்டார். "போகாது, சேர்."

"மாஸ்டர், அந்தத் துண்டை எடுத்து ஒருக்கா நனைச்சுக் காட்டுங்கோவன்" என்றேன் தமிழில்.

"லொட் நாளைக்குக் கப்பலேறுது, மிஸ். இப்ப போய் என்ர கையெழுத்தை நானே பிழையெண்டு சொல்லுறதே?" என்றார், சுவரைப் பார்த்தபடி. துண்டு பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை. ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தது போல நின்ற அந்த மனுசனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அறைக்குள் காற்றாடி இல்லை, ஒரே புழுக்கம். மாஸ்டருக்கு வேர்த்து ஒழுகியது. சார்ஜன்ட் எதையோ எழுதப் போனவர் பேனையை வைத்துவிட்டு அவருடைய நெஞ்சைப் பார்த்தார்.

"மஹத்தயா, மே மொகத்த?"

இது என்ன ஐயா என்று அவர் கேட்டதும் மாஸ்டரும் குனிந்து பார்த்தார். இடது பொக்கற்றைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு ஊறி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கதவடியில் நின்ற பொலிஸ்காரன் இரண்டு அடி கிட்ட வந்தான்.

"சாயம், சேர்! வெறும் சாயம்! ஈரம் பட்டால் போகும், இந்த லொட் முழுக்கப் போகும்."

ஒரே மூச்சில் சொன்னார். யாரும் கேட்காமலே துண்டை எடுத்து, மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸில் முக்கி, தன் வெள்ளைச் சேட்டின் கையிலே தேய் தேய் என்று தேய்த்துக் காட்டினார். கை முழுக்கச் சிவந்தது. ஈரத் தேய்ப்பை அவர் ஒழுங்காகச் செய்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சார்ஜன்ட் சிரித்துவிட்டு ஜெகதீஸ்வரியையும் பையையும் எங்களிடம் விட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "முதல் கேக்கேக்கயே இதைச் சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்?"

அவர் லேஞ்சியால் பொக்கற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதல் கேட்டது உன்னைப் பற்றியெல்லோ, பிள்ளை."

பஸ் வந்தது. மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு சீற் மட்டும்தான் காலி, அதில் நானும் அவளும் இருந்தோம். மிச்சமிருந்த இடத்தில் அவள் அந்தச் சிவப்புப் பையை வைத்தாள், இன்னும் ஈரம் காயாத பை. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. மாஸ்டர் பையைப் பார்த்தார், தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார், வத்தளை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.