எண்ணெய் இல்லாத ஃபில்டர்

கொள்ளிடக் கரையோரத் தோப்பில், மணலில் ஓட்டும் நாலு சக்கர பைக் ஒன்றை நானும் என் மச்சானும் வாடகைக்கு விடுகிறோம். இரண்டு குடும்பத்துக்கும் அந்த ஒரு வண்டிதான் சோறு.

இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை எடுத்தால் வண்டி சீறிப் பாயும் என்பான் மச்சான். மணலுக்கு மூடி வேண்டும் என்பேன் நான். ஆயுத பூஜைக்கு மூடியைக் கழற்றிவிட்டான். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சோப்பு போட்டு வெளுத்து மாட்டினான். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. முதல் ஆளாக, கே.கே. நகரிலிருந்து ஒரு அக்கா ஓட்ட வந்தார். மச்சான் பெருமையாக சீட்டைத் தூக்கி ஃபில்டரைக் காட்டினான். அவர் ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

“எண்ணெய் தடவலீங்களா?”

“பூஜைக்குக் கழுவினேன்க்கா. அழுக்கா இருந்துச்சு” என்றான் மச்சான்.

“அந்த எண்ணெய்தான் தம்பி தூசியைப் புடிக்கும். மஸ்கட்ல இருந்தப்ப, பாலைவன மணல்ல எங்க வண்டி இன்ஜின் இப்படித்தான் போச்சு. சாமி மன்னிக்கும், இன்ஜின் மன்னிக்காது.”

“பூஜை முடிஞ்சு முதல் ஓட்டம்க்கா. வேணாம்னு சொல்லாதீங்க” என்றேன் நான்.

“எண்ணெய் தடவி, மூடியும் போடுங்க. மணல்ல ரெண்டும் வேணும். இன்னொரு நாள் வரேன்.”

பஸ் ஏறிப் போய்விட்டார். மச்சான் மூடியைத் தேடி எடுத்தான்.

வண்டி எங்களுடையது. அவர் ஓட்டி இன்ஜின் போயிருந்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.